இரும்புக் கையை அந்தப் பக்கம் பிடித்தவன்

நெருப்புக்குப் பக்கத்தில் நெருங்கி உட்காருங்கள். இறைச்சி வேக இன்னும் நேரமிருக்கிறது... இது என் சிநேகிதன் தாரியோவின் மச்சான் எல்வியோவுக்கு நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் நேரம். மலையிலிருந்து சொண்டா என்கிற அனல்காற்று இறங்கி அடித்தது. அந்த வெக்கையில் நாய்கூட வெளியே வராது. அணு ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகும் மண் சாலையில் எல்வியோவின் மோட்டார் சைக்கிள் மட்டும்... வாயெல்லாம் புழுதி.

காவலாளி ஒச்சோவா மனசில்லாமல்தான் கேட்டைத் திறந்தார். "ஏண்டா, இந்த வேளையில பேயே படுத்துக் கெடக்கும். உனக்கென்ன கேடு?"

"நாளைக்குப் பரீட்சைண்ணே. இதுலயும் கோட்டை விட்டேன்னா வீட்டுக்கு அனுப்பிருவாங்க. புது உலை வேலையெல்லாம் அப்புறம் கனவுதான்."

நாட்டின் புது அணுமின் உலைக்கு அங்கேதான் ஆள் பழக்குகிறார்கள். கதிர்வீச்சுள்ள பொருளைக் கையால் தொட முடியுமா? அதற்காக ஈயச் சுவர் அறைக்குள் இரண்டு இரும்புக் கைகள். வெளியே மஞ்சள் கண்ணாடி முன் நின்று, வளையங்களில் விரலை மாட்டி அசைத்தால் உள்ளே அவையும் அசையும். அந்தக் கை எதைத் தொட்டாலும் வெளியே நம் கைக்குத் தெரியும். பழகுகிறவர்கள் உள்ளே கெட்டிலும் சுரைக்குடுவையும் வைத்து, மாத்தே என்கிற தேநீர் இலைக்கு வெந்நீர் ஊற்றிப் பார்ப்பார்கள். ஒரு சொட்டு சிந்தாதவன் தேறிவிடுவான்.

பயிற்சி அறைதான், ஆபத்தான பொருள் எதுவும் கிடையாது. எல்வியோ எல்லாவற்றையும் உள்ளே வைத்துவிட்டு வெளியே வந்தான். கதவை மூடும் முன் "உள்ளே யாராவது?" என்று கத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அறையைத் துடைக்கப் போன ரொசெண்டோ, யாரோ கேட்காமல் மூடிய கதவில் நசுங்கிச் செத்ததிலிருந்து அது அங்கே சட்டம். எல்வியோ கத்தவில்லை. நான் ஒருத்தன்தானே, யாருக்காகக் கத்துவது என்று நினைத்தான், பாவி.

கதவு மூடியது... தட்.

முதல் குடுவை நிரம்பியது. ஒரு சொட்டு சிந்தவில்லை. வாய்விட்டுச் சிரித்தான். அப்போது வலது கை கனத்தது... யாரோ கைகுலுக்குவது போல, மெல்ல.

கண்ணாடி வழியே பார்த்தான். ஒருவருமில்லை.

சட்டென்று இழுத்தது. தோள் மூட்டு கழன்றது. வளையத்திலிருந்து விரலை உருவ முடியவில்லை. மடக்... சுண்டுவிரல். மடக்... அடுத்தது. இடது கையும் மாட்டிக்கொண்டது. முகம் கண்ணாடியில் மோதி மூக்கு உடைந்தது. தளர்த்தி விட்டு, மறுபடியும் இழுத்து மோதியது. ரத்த வாடையும் இயந்திர எண்ணெய் வாடையும் சேர்ந்து அடித்தன. உள்ளே கெட்டில் தானாக எழும்பி, கண்ணாடியில் வந்து மோதிச் சிதறியது. மணிக்கட்டுகள் கரும்பு ஒடிவது போல ஒடிந்தன.

அலறல் கேட்டு ஓடிவந்த ஒச்சோவா ஈய அறையின் கதவைத் திறந்தார். "வெளிய வந்துரு ரொசெண்டோ! கதவு தொறந்துதான் கெடக்கு, வாப்பா!"

பிடி விட்டது. அந்த வெக்கையிலும் சில்லென்று ஏதோ ஒன்று அவரை உரசிக்கொண்டு வெளியே போனது. அவர் கத்திக் கேட்காமலே கதவை மறுபடி சாத்தினார்.

எல்வியோவின் கைகள் அத்தோடு போயின. இன்றைக்கும் மனைவிதான் ஊட்டிவிடுகிறாள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவன் மணிக்கட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். இரும்புக் கைக்கு இரண்டே விரல். சதையில் அழுந்தியிருந்த தடமோ ஐந்தைந்து விரல்.

"எத்தனை பேர் உங்களப் பிடிச்சாங்க?"

"ஒருத்தன்... ரொசெண்டோ மட்டும்தான்."

டாக்டரம்மா இரண்டு மணிக்கட்டையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினார்.

"இல்ல தம்பி... ரெண்டு மணிக்கட்டுலயும் பதிஞ்சிருக்கிறது வலது கை."