‘வீர்’ என்றால் யார் யார்?

“அந்த ‘வீர்’ல நான் இருக்கேனா, இல்லையா?”

மரக்காணத்திலிருந்து பாண்டிச்சேரி போகும் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் இப்படிக் கேட்டதும் நான் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டேன். பக்கத்தில் அவர் மனைவி. நர்ஸ். வெளிநாட்டு வேலைக்காக அன்றைக்கு ஜெர்மன் பரீட்சை எழுதப் போகிறவர், ‘அடுத்த வருஷம் வீர் ஜெர்மனி போறோம்’ என்று பாதி ஜெர்மனில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வீர்னா நாம, மாமா.”

“அப்போ ‘நாங்க’ன்றதுக்கு?”

“அதுக்கும் வீர்தான். அவங்களுக்கு ரெண்டும் ஒண்ணு.”

“அப்டின்னா நீயும் உன் ஹாஸ்டல் ஃப்ரெண்ட்ஸும் ஃபிளைட் ஏறினாலும் வீர்தான். நான் இங்க உப்பு லாரிக்குத் தார்ப்பாய் கட்டிக்கினு நிப்பேன்.”

“சரி, ‘வீர் பைடே’. நாம ரெண்டு பேரும்.”

“எந்த ரெண்டு பேரு?”

மனைவி மடியிலிருந்த ஜெர்மன் புத்தகத்தைப் படீரென்று மூடினார். “‘டூ உண்ட் இஷ்’. நீயும் நானும். போதுமா?”

“இன்னாது, நீயா?”

“அங்க புருஷனை அப்படித்தான் சொல்லணும். ‘நீங்க’ன்னா ஆபீசரைக் கூப்பிடுற மாதிரி.”

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பி, உப்பளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“நீன்னே சொல்லு. உட்டுட்டுப் போகாம இருந்தா சரி.”