பழுதென்று பூட்டிய மெசின்கள்

ஒட்டுசுட்டான் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு டீச்சர்மார்.

“மெசின் எல்லாம் பழுதெண்டு அலுமாரியில பூட்டியாச்சு.”

“எது, பிள்ளையள் கையில வைச்சுப் பதில் அமத்துறதோ? போன கிழமைதானே தந்தவை?”

“ஓம். தந்த ஆக்கள் பார்க்க வந்தவை. லேசான கேள்வியாக் கேப்பமெண்டு, காலமை சாப்பிட்டனீங்களோ எண்டு கேட்டன். ஓமெண்டால் ஒண்டு, இல்லையெண்டால் ரெண்டு.”

“எல்லாம் ஒண்டைத்தானே அமத்தும்?”

“ஆர் அமத்தினதெண்டு தெரியாதெல்லோ. பாதி வகுப்புக்கு மேல ரெண்டு. திரையில பெரிசா விழுந்திட்டுது.”

“ஐயோ.”

“அதிபர் உடன, சாப்பிட்ட ஆக்கள் கை உயர்த்துங்கோ எண்டார். ஒரு கை குறையேல்லை.”



“பழுதெண்டு எழுதினது அதிபரோ?”

“இல்லை. என்னைக் கொண்டுதான் எழுதுவிச்சவர். நானும் எழுதிக் குடுத்தனான்.”