கொழுக்கட்டைக் கணவாய்

முந்தி முந்தி ஒரு காலத்துல, நம்ம ஊருக்கு மேக்க, செம்மணலும் உடைமுள்ளுமாக் கிடக்கே, அந்தப் பொட்டல்ல ஆவுடைத்தாய்னு ஒரு ஆட்டுக்காரி இருந்தாளாம். வாய்னா வாய், அப்படியொரு வாயாம். தூங்கும்போது மட்டுந்தான் மூடுவாளாம். அவ மாமியா வள்ளியாத்தா அவளுக்கும் மேல!

அங்க நிக்குதே மலை, அதுதான் நம்ம பாளையத்துக்கும் அந்தப்பக்கத்துப் பாளையத்துக்கும் எல்லை. மழையெல்லாம் அந்தப்பக்கமே கொட்டித் தீந்துரும். இந்தப்பக்கம் வெறுங்காத்துதான் இறங்கும். ஒரு வருசம் கிணறெல்லாம் வத்தி, சனமெல்லாம் கிளம்பிப் போயிருச்சாம். மலையடிவாரத்து ஆட்டுக்கிடையில வள்ளியாத்தாவால எந்திரிக்க முடியல. நாக்கு ஒட்டிக்கிச்சு.

"நீ போயிருடி, என்னைய விட்டுட்டு"ன்னாளாம்.

"உங்ககூடச் சண்டை போடாம எனக்குச் சோறு இறங்குமா அத்தை?"ன்னு அழுதாளாம் ஆவுடைத்தாய்.

அவ என்ன செஞ்சா, குட்டியக் கட்டிப்போட்டுட்டு, தண்ணியத் தேடிப் போகட்டும்னு தாயாட்ட அவுத்துவிட்டா. குட்டிக்காகத் திரும்பி வருமில்ல? வந்துச்சு. பாத்தா, முன்னங்கால் முட்டியில ஈரச் சேறு! அடி சக்கை! அது வந்த தடத்தப் பிடிச்சு ஏறுனா, ஏறுனா, கணவாய் வரைக்கும் ஏறுனா. அங்க பாறையிடுக்குல சுனை. பக்கத்துல வேல்கம்போட அந்தப் பாளையத்துக் காவக்காரன், இருளப்பன்.

"எங்க தண்ணி இது. வேணுங்கிற மட்டும் குடி. ஆனா குடத்துலயோ முந்தானையிலயோ எல்லை தாண்டக் கூடாது."

"வாயில, அண்ணே?"

"வாயில இருக்கிறத நான் எப்படிம்மா கேக்க?"ன்னானாம்.

வாய் நிறைய மொண்டுக்கிட்டு இறங்குனா. வள்ளியாத்தா படுத்தபடிக்கே, "தண்ணி கெடச்சுதாடி?" பதில் இல்ல. "ஏண்டி, வாயில என்ன கொழுக்கட்டையா?" அதுக்கும் பதில் இல்ல. கிட்ட வந்து, மாமியா வாயில தண்ணிய விட்டா. அந்த ராங்கிக்கார மாமியா குலுங்கிக் குலுங்கி அழுதாளாம்.

அப்படி ஆறு தடவ ஏறி இறங்குனாளாம். ஏழாந் தடவ கிளம்பும்போது, பாவம், முடியாமக் கிடையிலயே உக்காந்துட்டா. அப்பப் பாத்தா எல்லையத் தாண்டி இந்தப்பக்கச் சரிவுல யாரோ வர்றான். கையில வேல்கம்பு இல்ல. கன்னம் ரெண்டும் உப்பியிருக்கு. இருளப்பன்!

"ஏலே, ஒன் வாயிலயுமா கொழுக்கட்டை?"ன்னாளாம் வள்ளியாத்தா. அவனுக்குச் சிரிப்பு முட்டிக்கிட்டு வந்துச்சு. சிரிச்சாத் தண்ணி போயிருமே! கையால வாயப் பொத்திக்கிட்டே கிடைக்கு வந்து சேந்தானாம்.

அன்னையிலேருந்து அது கொழுக்கட்டைக் கணவாய். இன்னைக்கும் சித்திரையில ரெண்டு பக்கத்து ஆளுகளும் ஏறுவாக. வாய் நிறையத் தண்ணியோட எதுத்த பக்கம் இறங்கி, நடமாட முடியாதவுக உள்ளங்கையில விடுவாக. வழியெல்லாம் பிள்ளைக நின்னு, "வாயில என்ன கொழுக்கட்டையா?"ன்னு சிரிக்க வைக்கும்.

சிரிச்சுட்டா? திரும்ப ஏற வேண்டியதுதான்.