ஏழு மணிச் சாவு

2024 நவம்பர் 15, வெள்ளிக்கிழமை. கோவை கணபதியில் எங்கள் வீட்டு டிவியில், ஏழு மணி நாடகத்தில், முகிலரசன் என்ற பாத்திரத்தின் மீது லாரி மோதியது.

நாடகத்துச் சாவுகளை முன்கூட்டியே சொல்வது என் வேலை. மாமியார் சாமியாத்தாளுக்கு நெஞ்சு வலி வந்த பிறகு, அதிர்ச்சி கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் கணவர் மனோஜ்குமார், "நாடகத்துல ஆராச்சும் சாகறதுன்னா மொதல்லயே சொல்லிப்போடு" என்றார். நடிகர்களைப் பற்றிய செய்திகளை நான் போனில் படிப்பேன். நடிகர் சம்பளத் தகராறில் விலகுகிறார் என்று தெரிந்துவிட்டால், அந்தச் சாவுக்கு அத்தை பாதிதான் அழுவார். சாப்பிடவும் செய்வார். "சம்பளம் பத்தலீன்னா கணக்கு முடிச்சு அனுப்போணும். அதுக்கு எதுக்குக் கண்ணு பாம்ப உட்டுக் கடிக்க வெக்கறானுங்க?" என்று ஒருமுறை கேட்டார். இருவரும் சிரித்தோம். தெரியாமல் வந்த சாவு வேறு. ஒரு நாடகத்தில் கைக்குழந்தை இறந்தபோது அவருக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

நாத்தனார் மகள் வயதுக்கு வந்து சீர் நடந்த அன்று, அன்னூரில் என் அப்பா காளிச்சாமி இறந்தார். நான் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தேன். என் போன் அத்தையிடம் இருந்தது. சம்பந்தி வீட்டுச் சாவு தெரிந்தால் சீர் நின்றுவிடும். அழைத்த என் அண்ணனிடம், "அவளால வரமுடியாதுங்க தம்பி, நீங்க எடுத்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனை இடுப்பில் செருகிக்கொண்டார். தாம்பூலம் கொடுத்து எல்லோரையும் அனுப்பிய பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"சீர் முடியட்டுமுன்னு இருந்தேன் அம்மணி."

நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா சாம்பலாக இருந்தார். அண்ணன் என்னை வாசலைத் தாண்ட விடவில்லை. அத்தையிடம் நான் சண்டை போடவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போலக் காபி போட்டுக் கொடுத்தேன்.

முகிலரசன்மேல் அத்தைக்குத் தனிப் பிரியம். லாரி மோதப்போவது எனக்கு முன்பே தெரியும். திங்கட்கிழமை அவன் பிழைத்துக்கொள்வான் என்பதும் தெரியும். அந்த நடிகரே தன் பக்கத்தில் போட்டிருந்ததைப் போனில் படித்திருந்தேன்.

வெள்ளைத் துணி அவன் முகத்தை மூடியதும் அத்தை என் கையைப் பிடித்தார்.

"ஏங்கண்ணு, உன்ற போன்ல என்ன போட்டிருக்குது? பையன் வந்துருவானா?"

"இல்லீங்க அத்தை. இனி வரமாட்டானுங்க."

"ஏனம்மணி மொதல்லயே சொல்லுல?"

"நாடகம் முடியட்டுமுன்னு இருந்தனுங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மாத்திரை கேட்டார். நாக்குக்கு அடியில் வைக்கும் அந்த மாத்திரை என் இடுப்பில் இருந்தது. விளம்பரம் ஓடியது. அதன் பிறகு இன்னொரு காட்சி வந்தது. நாடகம் முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டுக் கணவருக்குப் போன் செய்தேன்.

டாக்டர் மாரடைப்பு என்றார். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், நான் செய்தது என்று எதுவும் இல்லை. நாத்தனாருக்கு உடனே தகவல் சொன்னேன். கருமத்தம்பட்டியிலிருந்து அவர் வந்து தன் அம்மாவின் முகத்தைப் பார்க்கும்வரை உடம்பை யாரும் எடுக்க நான் விடவில்லை. பெற்றவர் முகத்தைப் பார்க்கவிடாமல் செய்கிறவள் இல்லை நான்.

சாவு வீட்டில் டிவி போடுவதில்லை. திங்கட்கிழமை ஏழு மணிக்குப் போனில் பார்த்தேன். முகிலரசன் கண் விழித்தான்.