முட்டிவலியும் பேருந்து நிலையக் கூரையும்

"கதவைச் சாத்துங்க சம்பந்தியம்மா, உள்ள பேசறது கேக்குது..."

"சாத்தினா காத்து வராதுங்க..."

"காத்தா முக்கியம்? நாம கேக்கக் கூடாதுன்னுதானே வெளிய..."

"அப்ப காதைப் பொத்திக்கோங்க. யாரு வேணாம்னா?"

"அந்தத் தூணு தாங்காதுங்க, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"டீ ஆறுது. குடிங்க முதல்ல."

நானும் என் சம்பந்தியும் சேர்ந்தால் இப்படித்தான், ஒரே கலகலப்பு. நான் நகரமன்றத் தலைவி, அவர் உறுப்பினர். கூட்ட அறைக்கு வெளியே பெஞ்சில் இருந்தோம். உள்ளே மற்ற உறுப்பினர்கள் பேருந்து நிலையத்துக்குப் புதுக் கூரை போடும் வேலையை யாருக்குக் கொடுப்பது என்று ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையைக் கேட்டிருந்தவன் கான்ட்ராக்டரான என் மகன், அவருக்கு மாப்பிள்ளை. சொந்தக்காரர் விஷயம் வந்தால் உறுப்பினர் அதைச் சொல்லிவிட்டு வெளியே போய்விட வேண்டும். ஓட்டுப் போடக் கூடாது, வாய் திறக்கக் கூடாது, சீட்டு எழுதி அனுப்பக்கூடக் கூடாது. அதுதான் விதி. எனக்கு அந்த விதி அவ்வளவு பிடிக்கும்.

அவர் சம்பந்தி ஆவதற்கு முன்பும் நான் ஒழுங்காகத்தான் வெளியே போய்க்கொண்டிருந்தேன். என் கைப்பை மட்டும் நாற்காலியிலேயே இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே எல்லாரும் கை தூக்குவார்கள். தூக்காத கை ஒன்றே ஒன்று, அவருடையது. கட்டடப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஏன் சார், கம்பி என்ன கனம்? ஏன் சார், மண்ணைச் சோதிச்சீங்களா?" என்று ஆரம்பிப்பார். ஊரே அவருக்கு 'ஏன் சார்' என்றுதான் பெயர் வைத்திருந்தது. அவர் நாலு 'ஏன்' கேட்டு முடிப்பதற்குள் தூக்கிய கைகளெல்லாம் இறங்கிவிடும். வேலையும் கை நழுவிப் போகும். மகன் வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் படுப்பான். பெற்ற வயிறு பொறுக்குமா?

ஒருநாள் காய் நறுக்கும்போது சட்டென்று தோன்றியது. சொந்தம் இருந்தால் வெளியே போக வேண்டும் என்பது எனக்கு மட்டும் எழுதின விதியா? சிரித்த சிரிப்பில் கத்தி கை தவறிக் கீழே விழுந்தது. ஏன் சாருக்கு ஒரு மகள். மூட்டு நோய்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை. அந்த வாரமே எனக்கு முட்டி வலிக்க ஆரம்பித்தது.

"எங்கம்மா வலிக்குது?"

"இங்க. இல்ல, கொஞ்சம் இங்க."

"போன தடவை அந்த முட்டின்னு சொன்னீங்களே?"

"அது வலிக்குதேன்னு இது பாவப்பட்டுடுச்சும்மா."

அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். என்னைக் காரில் கூட்டி வந்த மகன் வாசலில் நின்று அந்தச் சிரிப்பைப் பார்த்தான். அதற்குப் பிறகு எனக்கு வேலையே இல்லை. "அம்மா, முட்டி எப்படி இருக்கு? கிளம்பலாமா?" என்று அவனே சாவியைச் சுழற்றிக்கொண்டு நிற்பான். கல்யாணத்தன்று ஏன் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த ஒரு விஷயத்துல எனக்குக் கேள்வியே இல்ல சம்பந்தியம்மா" என்றார். மண்டபமே சிரித்தது. எல்லாரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன்.

அடுத்த கூட்டத்தில் கூரை விஷயம் வந்தது. எழுந்துகொண்டே மெதுவாகச் சொன்னேன், "சம்பந்தி, நீங்களும் எந்திரிக்கணுமே." அவர் 'ஏ' என்று வாயைத் திறந்தார். மீதி வரவில்லை. எழுந்துவிட்டார். அப்பழுக்கில்லாத மனிதர். அப்படி இல்லாமலிருந்தால் என் யோசனை பலித்திருக்காது.

பெஞ்சில் இருந்தபோதுதான் என் மகன் போட்ட திட்டத்தில் இருந்த தூணைப் பற்றி அவ்வளவும் சொன்னார். மாப்பிள்ளையிடம் நேரிலேயே சொல்லிப் பார்த்தாராம். அவன், "மாமா, அதெல்லாம் உங்க காலத்துக் கணக்கு" என்று சிரித்துவிட்டானாம்.

"எழுதியாவது உள்ள அனுப்பறேன்."

"அதுவும் தலையிடறதுதான் சம்பந்தி. விதியைப் படிச்சீங்கல்ல?"

"அப்ப நீங்களாவது பையன்கிட்ட சொல்லுங்க. பெத்தவ சொன்னா கேப்பான்."

"வீட்டுல ஆபீஸ் பேச்சு பேசறது முறையா, நீங்களே சொல்லுங்க."

உள்ளே மேசையைத் தட்டும் சத்தம் கேட்டது. எனக்குக் குழந்தை மாதிரி எழுந்து குதிக்க வேண்டும் போல இருந்தது. முட்டியை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

கூரை பறவை சிறகு விரித்த மாதிரி அழகாக வந்தது. ஏன் சார் காலையில் நடக்கப் போகும்போதெல்லாம் அதன் கீழே நின்று தூண்களை விரலால் தட்டிப் பார்ப்பாராம். அடைமழை பெய்த ஒரு காலையில் தூணில் விரிசலைப் பார்த்திருக்கிறார். "நகருங்க, நகருங்க" என்று கத்தி அத்தனை பேரையும் வெளியே தள்ளியிருக்கிறார். பேப்பர் விற்கும் அம்மா தன் பேப்பர் கட்டுகளை எடுக்கத் திரும்பி ஓடினார். அவரைக் கூப்பிட இவரும் ஓடினார். இரண்டு பேரும் வெளியே வரவில்லை.

அப்பாவைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன அன்றும் மருமகள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "காலை நீட்டுங்க அத்தை" என்றாள். நீட்டினேன். வேண்டாமென்றால் மனசு கஷ்டப்படுவாள். அவள் கைக்கு அப்படி ஒரு இதம்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி சின்னப் பையன், தங்கமானவர். கதவைச் சாத்தப் போனார். காற்று வராது, இருக்கட்டும் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், தூண் தாங்காது என்று எனக்கு முன்பே தெரியும் என்பது உட்பட. முட்டி விஷயத்துக்கு வந்தபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "முட்டி வலிக்குதுன்னு சொல்லக் கூடாதுன்னு எந்த விதியில தம்பி இருக்கு?" என்று கேட்டேன். இருந்தால்தானே சொல்வதற்கு.

"சரிம்மா, இனி உங்க மகனைப் பத்திப் பேசலாம்" என்றார்.

"என் பையன் விஷயமா? அப்ப நான் உள்ள இருக்கக் கூடாதே" என்று சொல்லிவிட்டு விருட்டென்று எழுந்து, நாலே எட்டில் வெளியே வந்தேன்.

அடுத்த விசாரணைக்காக மருமகள் கதவோரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எங்கே போனாலும் எனக்காகக் கைப்பையில் கொண்டுவரும் தைலக் குப்பி அவள் மடியில் இருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை. கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்த முட்டி அத்தை வலிச்சுது?"