கூட வாங்கண்ணே

ராத்திரி பதினொன்றரை. பாம்பன் பாலம். மேலே வேறு ஒரு வண்டி இல்லை... கீழே கடல் மட்டும்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் வருகிறபோது வரட்டும். இது நம்ம நாகலெட்சுமி அக்காவுக்குக் கொழுந்தன் முறை ஆகிற ஒருவனுக்கு, இரண்டாயிரத்து எட்டில் நடந்தது. பெயர் தவசி. நயினார்கோவில் பக்கம் மிளகாய் போடுகிற குடும்பம். அவனுக்குக் கதை கட்டத் தெரியாது என்று அக்கா தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறாள். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

தவசி அன்றைக்கு ஓட்டி வந்தது அவன் அண்ணன் பூமிநாதனின் கார். ஆட்டோமேட்டிக். கிளட்ச் கிடையாது. கியர் ராடை 'டி'யில் போட்டுவிட்டால் வண்டியே பார்த்து கியர் மாற்றிக்கொள்ளும். ஆனால் பூமிநாதன் ஒரு நாளும் அதை அதன் போக்கில் விட்டதில்லை. ராடை இடப்பக்கம் தட்டினால் பிளஸ், மைனஸ் என்று ஒரு வழி இருக்கும். கியரை நாமே ஏற்றலாம், இறக்கலாம். முன்னால் ஒரு பஸ் போனால் போதும்... மைனஸ் பக்கம் இரண்டு இழுப்பு. டக். டக். நாலில் போன வண்டி இரண்டுக்கு இறங்கும். இன்ஜின் வீலென்று அலறும். அப்புறம் பாய்ச்சல்தான்.

"தானா மாத்த விட்டா அது யோசிச்சு யோசிச்சுல்ல மாத்தும்? பிக்கப் வேணும்னா நாமதாம்லே அடிச்சு வாங்கணும்" என்பார் தம்பியிடம்.

அடிக்கிற அந்தக் குணம் காரோடு நிற்கவில்லை. பெண்டாட்டி சேதுலட்சுமியிடமும் அப்படித்தான். ஊருக்கே தெரியும். ஒருத்தரும் போய்க் கேட்டதில்லை. கூடவே இருந்த தவசியும் கேட்டதில்லை. அந்த வெட்கம் அவனை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

அப்பேர்ப்பட்ட பூமிநாதன் ஒரு மத்தியானம் சோற்றில் கை வைத்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். அஸ்தியை ராமேஸ்வரத்தில் கரைக்க வேண்டும். கலயத்தைத் துணியால் கட்டி, இடப்பக்கத்து முன் சீட்டில் வைத்து, உருளாமல் இருக்க பெல்ட்டும் போட்டான் தவசி. கிளம்பும்போது சேதுலட்சுமி கார் ஜன்னல் பக்கம் வந்தாள்.

"தம்பி, பத்திரமாக் கொண்டுபோய் விட்டுட்டு வந்துருங்க. ஒரு பொட்டுச் சாம்பல்கூடத் திரும்பி வந்துறக் கூடாது. அவுக போனதுக்கப்புறந்தான் நான் ராத்திரியில தூங்குறேன்."

"சரி மதினி" என்றான். இதுவரை அவளுக்காக ஒன்றும் செய்யாதவன். இதையாவது ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. அஸ்தி கொண்டுபோகிற வழியில் தண்ணீர் குறுக்கிட்டால் செத்தவரைக் கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் சாம்பல் மட்டும் அக்கரைக்குப் போகும், ஆள் இக்கரையிலேயே நின்றுவிடுவார் என்பார்கள். வாய்க்கால், கண்மாய்க் கலுங்கு, பாலம்... ஒன்று விடாமல் தவசி சொல்லிக்கொண்டே போனான். "தண்ணி வருது, கூட வாங்கண்ணே." வழியெல்லாம் சொல்லிச் சொல்லி வாய்க்கு அது பாடமாகிவிட்டது.

கரைத்தாயிற்று. முழுக்குப் போட்டாயிற்று. வேனில் வந்த பங்காளிகள் மறுநாள் சாமி கும்பிட்டுவிட்டு வருகிறோம் என்று சத்திரத்தில் தங்கிவிட்டார்கள். மதினி தனியாக இருக்கிறாளே என்று தவசி மட்டும் ராத்திரியோடு திரும்பினான்.

பாலத்தில் ஏறினான். உப்புக் காற்று. பாலத்து இணைப்புகளில் டயர் ஏறி இறங்குகிற சத்தம்... தடக்... தடக்... கண் சொக்கிக்கொண்டு வந்தது. வாய் அதுபாட்டுக்கு முணுமுணுத்தது.

"தண்ணி வருது... கூட வாங்கண்ணே."

தான் சொன்னதே அவனுக்கு உறைக்கவில்லை.

மண்டபம் ஊர் தாண்டியதும்... டக். ராடு 'டி'யிலிருந்து இடப்பக்கம் போயிருந்தது. முழங்கை பட்டிருக்கும் என்று திரும்பத் தள்ளினான். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் டக். உடனே மைனஸ் பக்கம்... டக், டக். இன்ஜின் வீலென்று அலறியது. மீட்டர் முள் சிவப்புக் கோட்டுக்கு ஏறியது. முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. பதறிப்போய் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ராடை இறுக்கிப் பிடித்தான்.

அவன் புறங்கை மேல் இன்னொரு கை இருந்தது.

பார்வைக்கு ஒன்றும் இல்லை. ஆனால் கனம் இருந்தது. ஈரம் இருந்தது. கூடவே ஒரு வாசம்... அடுப்புச் சாம்பலில் தண்ணீர் தெளித்தால் வருமே, அது.

அப்போதுதான் பாலத்தில் சொன்னது அவனுக்கு நினைவு வந்தது. கடலில் விட்டுவிட்டு வந்தவரைத் தன் வாயாலேயே அழைத்திருக்கிறான். சேதுலட்சுமி தூங்குகிற வீட்டுக்கு!

கடலுக்கே திரும்பிவிடலாம் என்று வண்டியை ஒடித்தான். ரோடு பத்தவில்லை. பின்னால் எடுக்க வேண்டும். ராடு ரிவர்ஸுக்குப் போக மாட்டேன் என்றது. இரண்டு பக்கமும் கருவேலங்காடு, ஒரு விளக்கு கிடையாது. அங்கேயே நிறுத்தினான்.

"அண்ணே... இங்கனயே இறங்கிக்கங்கண்ணே. ஒங்களக் கும்பிட்டுக் கேக்குறேன்."

ராடு மட்டும் பிளஸுக்கும் மைனஸுக்குமாக லேசாக ஆடியது. காத்திருக்கப் பொறுமையில்லாதவர் விரலால் மேசையைத் தட்டுவாரே, அந்த மாதிரி.

தவசி ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். இன்ஜினை அணைத்தான். சாவி வரவில்லை. ராடு பார்க்கிங் 'பி'க்கு வந்தால்தான் அந்த வண்டியில் சாவியை உருவ முடியும். இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தான். அசையவில்லை. கார் போனால் மயிரே போச்சு, இவரை வீட்டுக்குக் கூட்டிப் போகக் கூடாது... சாவியை அப்படியே விட்டுவிட்டு இறங்கி ஓடினான்.

உச்சிப்புளிப் பக்கம் ஒரு மீன் லாரி நின்று ஏற்றிக்கொண்டது. பரமக்குடி வழியாக மதுரைக்குப் போகிற லாரி. ஓட்டி வந்தவர் பெயர் பாக்கர். ஐஸும் மீனும் நாறுகிற அந்த லாரியில் உட்கார்ந்த பிறகுதான் தவசிக்கு மூச்சு வந்தது. மதினி தப்பித்தாள் என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது.

ராமநாதபுரம் தாண்டியது. ரோடு காலி.

பின்னால்... வீல்...

கண்ணாடி முழுக்க வெளிச்சம். லாரிக்கு வலப்பக்கமாக ஒரு கார் ஏறி வந்தது. ஒரு நொடி சேர்ந்தாற்போல் ஓடியது. டக், டக். ஒரே பாய்ச்சல். சிவப்பு விளக்கு இரண்டும் புள்ளியாகி மறைந்துவிட்டன.

"யா அல்லா, என்னா பிக்கப்!" என்றார் பாக்கர். "ரெண்டுல போட்டு இழுக்குறான் பாத்தீகளா? உள்ள லைட்டு எரியுது. ஓட்டுறவன் எனக்குத் தெரியல... எடது சீட்டுல ஒரு பெரியாளு. சட்டையில்லாம, சொட்டச் சொட்ட நனஞ்சுபோய் உக்காந்திருக்காரு."

"பாய்... வெரட்டுங்க பாய். எங்க வீட்டுக்குத்தான் போகுது."

மீன் லாரி எங்கே காரை விரட்டுவது? தவசி செல்போனை எடுத்து வீட்டுக்கு அடித்தான். மணி போனது. எடுக்கவில்லை. விடாமல் அடித்துக்கொண்டே வந்தான். பரமக்குடி நெருங்கும்போது எடுத்தாள்.

"தம்பியா? நல்லாத் தூங்கிட்டேன் தம்பி." அவள் குரலில் தூக்கத்தோடு ஒரு சிரிப்பு இருந்தது. "வந்துட்டீகளா? வண்டிச் சத்தம் கேக்குதே. இருங்க, கதவத் தொறக்குறேன்."

"மதினி, தொறக்காதீக! அது நானில்ல... மதினி!"

போன் வைக்கப்பட்டுவிட்டது.

பாக்கர் மீனை மறந்து லாரியை நயினார்கோவில் ரோட்டில் திருப்பினார். ஊருக்குள் ஒரு நாய் குரைக்கவில்லை. வெளி கேட் திறந்து கிடந்தது. உள்ளே கார் நின்றது. பானெட் கொதித்தது. சூடு ஆறுகிற தகரம் டிக்... டிக்... என்றது.

"மதினி!" என்று கத்திக்கொண்டே ஓடினான்.

சேதுலட்சுமி வாசலுக்கு வந்தாள். நுனிக்காலில் வந்தாள். வாசல் பல்பு வெளிச்சத்தில் அவளுடைய இடது கன்னம் தெரிந்தது. ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன. கன்னம் நனைந்திருந்தது. விரல் பதிந்த இடத்தில் சாம்பல் ஒட்டியிருந்தது.

தவசி வாயைத் திறப்பதற்குள் அவள் உதட்டில் விரலை வைத்தாள்.

"மெல்லப் பேசுங்க தம்பி... இப்பத்தான் கண்ணசந்தாக."