சிவப்பு நூல் தைத்த மூட்டை

நீங்கள் வரவழைத்த டீ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர். நிச்சயமாக இது கங்காதரன் கடை டீ இல்லை. ஊரிலேயே மட்டமான டீ கங்காதரன் கடையில்தான் கிடைக்கும். பதினோரு வருஷமாக மேடை மேடையாக ஏறி, அதைத்தான் குடியுங்கள் என்று ஜனங்களுக்குச் சொல்லி வந்தேன். நான் வீட்டில் குடித்துவிட்டுத்தான் மேடை ஏறுவேன்.

அவசரப்படுத்தாதீர்கள், சொல்கிறேன். என் வண்டிக்காரன் வேலாயுதம் மூட்டையைப் பற்றி உங்களிடம் உளறிவிட்டான் என்று தெரிந்த பிறகு மறைத்துப் பேச எனக்கே அலுப்பாக இருக்கிறது. அவனுக்குப் பாதிதான் தெரியும். மீதியை ஒழுங்காகச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமல்லவா.

ஆம்பூரில் என்னைத் தெரியாதவர் கிடையாது. பரந்தாமன் மளிகை மண்டி என்னுடையது. மூன்றாம் தடவையாக நகராட்சி கவுன்சிலர். உள்ளூர் வியாபாரிகள் சங்கத்துக்குச் செயலாளர். 'நம்ம ஊர்க் கடையே நம்ம கடை' என்று சுவர்களில் பார்த்திருப்பீர்கள். நான் எழுதிக் கொடுத்ததுதான். சங்கத்தில் அறுபது கடைக்காரர்கள். அறுபதும் அறுபது ரகம். அமீர் பாஷா கடையில் பிரியாணி வாங்கினால் கறியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கங்காதரன் நேற்றைய சாம்பாரில் இன்றைக்குத் தண்ணீர் விடுவான். கேட்டால், "இன்னா சார், நம்ம ஊரு ஜனம்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்க" என்பான். இவர்களை ஆதரிப்பதுதான் பதினோரு வருஷமாக என் பொதுவாழ்க்கை. அவர்களுக்கு வேறு நாதி இல்லை. எனக்கு அவர்கள் ஓட்டு இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்பு கும்பகோணத்திலிருந்து அரங்கநாதன் என்று ஒருவன் வந்தான். பாலாற்றங்கரையில், தோல் பதனிடுகிற மூன்று டேனரிகளும் சேருகிற இடத்தில் ஒரு கொட்டகை பிடித்துச் சாப்பாட்டுக் கடை போட்டான். சமையற்காரர்களையும் கூடவே கூட்டி வந்திருந்தான். சோறு வெந்திருக்கும், குழம்பில் பருப்பு இருக்கும். அவ்வளவுதான் அவன் செய்த மாயம். இரண்டே மாதத்தில் டேனரி ஆட்கள் மொத்தமும் அங்கே போய்விட்டார்கள். கங்காதரன் சங்கக் கூட்டத்தில் மேல்துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதான். பெரிய மனுஷன் அழுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. சாம்பாரில் கொஞ்சம் பருப்பு போடலாமே என்று ஒருவனுக்கும் சொல்லத் தோன்றவில்லை. ஊரில் யாரும் அரங்கநாதனுக்கு எந்தச் சாமானும் விற்கக்கூடாது என்று தீர்மானம் போட்டோம். முன்மொழிந்தது நான். நோட்டில் கையெழுத்து இருக்கிறது.

அவன் அசரவில்லை. காட்பாடியில் ரயிலில் சரக்கை இறக்கி, லாரி வைத்துக் கொண்டு வந்தான். அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். நகராட்சித் தேர்தலுக்கு நான்கு மாதம் இருக்கும்போது, என் வார்டு பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு அவனைத் தலைமை தாங்கக் கூப்பிட்டார்கள். வருஷா வருஷம் தலைமை தாங்குகிறவன் நான். என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அவன் பேசி முடித்ததும் ஜனங்கள் தட்டிய கைத்தட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், "இவரே எலெக்ஷன்ல நிக்கலாம்பா" என்றான். இதை ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன். நான் செய்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நான் செய்தது அறுபது கடைகளுக்காக.

அதற்கு அடுத்த வாரம், புதன்கிழமை, அரங்கநாதனே என் மண்டிக்கு வந்தான். காட்பாடியில் அவன் சரக்கு வந்து சேரவில்லை.

"அண்ணாச்சி, மத்ததை எப்படியோ சமாளிச்சுட்டேன். உப்பு மட்டும் நாளைக்கு மேல தாங்காது. ஒரு மூட்டை கொடுத்தீங்கன்னா உபகாரமா இருக்கும். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று கைகூப்பினான்.

இத்தனை பேர் கை தட்டிய ஆள், ஒரு மூட்டை உப்புக்காகக் கைகூப்பி நின்றான். நாளைக்கு அனுப்பி வைக்கிறேன் என்றேன்.

நீங்கள் இந்த ஊருக்குப் புதிது. அதனால் ஒன்றை விளக்க வேண்டும். என் மண்டியில் இரண்டு வகை உப்பு இருக்கும். ஒன்று சாப்பாட்டுக்கு. இன்னொன்று பச்சைத் தோலுக்குப் போடுவது. தோலைப் பூச்சி அரிக்காமலிருக்க, டேனரிக்காரர்கள் கொடுக்கும் பாஷாண மருந்தை அதில் கலந்து வைப்போம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். எழுதி வைத்தால் படிக்கத் தெரியாதவர்கள் ஜாஸ்தி என்பதால், தோல் உப்பு மூட்டையின் வாயைச் சிவப்பு நூலால் தைப்போம். இது எங்கள் தாத்தா காலத்து வழக்கம். ஆம்பூரில் தவழ்கிற குழந்தைகூட சிவப்பு நூல் மூட்டையைத் தொடாது.

வியாழக்கிழமை சாயங்காலம் வேலாயுதத்தின் வண்டியில் அந்த மூட்டைகளில் ஒன்றை ஏற்றினேன். அவன் நூலைப் பார்த்துவிட்டு, "இது தோல் உப்பு, முதலாளி" என்றான். டேனரிக்குத்தான் போகிறது, கொட்டகை வாசலில் இறக்கி வை, ஆள் வந்து எடுத்துக்கொள்வான் என்றேன். கொட்டகையும் டேனரியும் பக்கம் பக்கம். அவன் வண்டியை ஓட்டிக்கொண்டு போனான்.

நான் நூலைப் பிரித்து வெள்ளை நூலால் தைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். யாரையும் ஏமாற்ற எனக்கு எண்ணமில்லை. மூட்டை, தான் இன்னது என்று சொல்லிக்கொண்டேதான் போயிற்று. இந்த ஊரில் கடை வைக்க வந்தவன் இந்த ஊரைப் பற்றி இதைக்கூடத் தெரிந்துகொள்ளவில்லை என்றால் அது யார் குற்றம்?

இன்னொன்றும் யோசித்தேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்காக டேனரிகளுக்கு விடுமுறை. கொட்டகைக்கு முந்நூறு பேர் வரமாட்டார்கள். தோல் ஊறப்போடும் சுண்ணாம்புக் குழிகளைக் கழுவுகிற பெண்கள் முப்பது பேர்தான் அன்றைக்கு வேலைக்கு வருவார்கள். ஓட்டுச் சீட்டைத் தலைகீழாகப் பிடிக்கிற கூட்டம். எங்கள் கடைகளில் அவர்களை உள்ளே விடுவது கிடையாது. அரங்கநாதன் அவர்களை மற்றவர்களோடு பந்தியில் உட்கார வைப்பான், வெள்ளிக்கிழமைகளில் அரை விலைக்குப் போடுவான். ஆக, நம் ஆட்கள் ஒருவருக்கும் பாதகம் வராத நாளாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். நாலு பேருக்கு வயிற்றைக் கலக்கும், ஊர் பேசும், கொட்டகையை மூடுவார்கள் என்பதுதான் என் கணிப்பு.

ஒன்பது பேர் செத்தார்கள். அரங்கநாதன் எப்போதும் எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவான். அதனால் தப்பித்தான். வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஆட்களைக் கொண்டுபோக என் லாரியைக் கொடுத்தேன். நானே முன்சீட்டில் உட்கார்ந்து போனேன். பத்திரிகையில்கூட என் பெயர் வந்தது.

நான்காம் நாள் சவுரியம்மாள் என் வீட்டுக்கு வந்தாள். குழி கழுவுகிறவர்களில் மூத்தவள். நோன்புக் காலத்து வெள்ளி என்று அன்றைக்கு ஒருசந்தி இருந்ததால் அவள் சாப்பிடவில்லை. அவள் மகள் சாப்பிட்டாள். பத்தொன்பது வயசு, வைகாசியில் கல்யாணம் வைத்திருந்தார்கள்.

"ஐயா, கொட்டாயில சமையக்கட்டு வாசல்ல கால் தொடைக்கப் போட்டிருந்த கோணியைப் பார்த்தேன். வாய்ல சிவப்பு நூலு ஒட்டிக்கினு இருந்துச்சு. அது தோல் உப்புக் கோணி ஐயா. எவன் குடுத்தான்னு நீங்கதான் கண்டுபுடிச்சுச் சொல்லணும். எனக்கு வேற யார் இருக்காங்க?" என்றாள்.

அழாமல் கேட்டாள். கங்காதரனைவிட அவள் எவ்வளவோ மேல். அவளை உட்காரச் சொல்லி, போலீசுக்கு மனுவை நானே எழுதினேன். கம்மி விலைக்குக் கிடைக்கிறதென்று அரங்கநாதன் தெரிந்தே தோல் உப்பை வாங்கிச் சமைத்தான் என்று எழுதினேன். கட்டை விரலை மையில் தொட்டு வைத்தாள். கோர்ட்டிலும் அப்படியே சொன்னாள். என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் கூண்டில் ஏறினாள்.

அரங்கநாதன் கடைசி வரைக்கும் உப்பு கொடுத்தது நான்தான் என்று கத்தினான். யாரும் நம்பவில்லை. அவனுக்கு ஒரு கல் உப்புகூட விற்கக்கூடாது என்று தீர்மானம் போட்டதே நான்தான் என்று சங்கத்து நோட்டு சொன்னது. அவனுக்கு ஏழு வருஷம். இப்போது வேலூர் ஜெயிலில் இருக்கிறான். தேர்தலில் நான் ஜெயித்தேன். கங்காதரன் எனக்கு ஆளுயர மாலை போட்டான். சாம்பார் பழையபடிதான் இருக்கிறது.

அந்தப் பெண்கள் எங்கள் கடைகளுக்கு வரவே முடியாதவர்கள், அவர்கள் செத்ததால் அறுபது கடைகளுக்கு என்ன லாபம் என்று கேட்கிறீர்கள். போலீஸ்காரர்களுக்குப் பொதுக் காரியம் புரியாது. ஒன்றை நிலைநிறுத்த வேண்டுமென்றால் யாராவது எங்காவது நஷ்டப்படத்தான் வேண்டும். அது யார் என்பதைப் பொறுப்புள்ளவர்கள் தீர்மானிக்கிறார்கள்.

என்னை இரக்கமில்லாதவன் என்று எழுதிவிடாதீர்கள். அமிர்தவள்ளியைக் கூப்பிட்டு விசாரியுங்கள். அவளும் குழி கழுவுகிறவள்தான். மற்ற நாட்களில் என் வீட்டுக் கொல்லைப்புறத்தில் பாத்திரம் தேய்ப்பாள், கைச் சுத்தம். அந்த வெள்ளிக்கிழமை காலை அவளுக்கு ஆள் அனுப்பினேன். மிளகாய் இடிக்க வேண்டும், இன்றைக்குக் குழிக்குப் போகாதே என்று சொன்னேன். "கொட்டாயில துன்னுட்டு வந்துடறேனே ஐயா" என்று கெஞ்சினாள். வேண்டாம், என் வீட்டிலேயே சாப்பிடு என்று சொல்லி, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை வாசலிலேயே நின்றேன்.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்? வயிற்றைத்தான் கலக்கும் என்று நினைத்தவன் ஒருத்தியை எதற்காக நிறுத்தி வைத்தான் என்று யோசிக்கிறீர்கள். சரி, எனக்குத் தெரியும். எத்தனை பிடி மருந்து கலந்தேன் என்பது எனக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்துதான் அனுப்பினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் முப்பது பேரில் ஒருத்தியைக் காப்பாற்றினேன் என்பதை அதற்கு மேலே எழுதுங்கள்.